ஒரு சைபர் கூட

மூன்றாம் குறுக்குத் தெருவில், துணிக்கடைக்கு மேலே
எங்களிடம் மெஷின் இரண்டு, கண்ணாடியும் இரண்டு.
ஒன்று தெளிவானது; எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள்.
மற்றது பச்சை; போட்டால் வெட்டுக்கிளி முகம்.
தெளிவானதின் ஓரத்தில் 10600 என்று இருக்கும்.
பச்சையில் 1064.
ஒரு சைபர்தானே கூட என்பார் இம்தியாஸ் நானா,
பில்லில் ஒரு சைபர் விட்டுப்போனால்
படி அதிரக் கத்துகிற மனிதர்.

மரம், அக்ரிலிக் வெட்டும் பெரியதற்குத் தெளிவானது போதும்.
இரும்பில் பெயர் எழுதுகிற சின்னதுக்கு
அதே கண்ணாடி
திறந்துவைத்த ஜன்னல்.

சின்னதின் ஒளி கண்ணுக்குத் தெரியாது.
சிவப்புப் புள்ளி இடம் காட்டும், அவ்வளவுதான்.
வெள்ளைப் பொறி, எரிகிற உலோகம்.
எழுதுவதை இதுவரை நான் பார்த்ததில்லை,
எழுதியதைத்தான்.

எனக்கு முன்னால் இந்தக் கதிரையில் இருந்தவன் லக்சிறி.
பாடசாலைக் கிண்ணம் ஒன்றின் வளைந்த வயிற்றில் பட்டு
ஒளி திரும்பி வந்திருக்கிறது.
முகத்தில் தெளிவான கண்ணாடி இருந்தது,
ஒழுங்காக, காதுவரை.
'நோகல்ல' என்கிறான், தன் தமிழில்.
'நொந்திருந்தா நல்லம்.'

மூன்றாம் நாள் வலக்கண்ணில் தூசி விழுந்து
அதைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றான்.
138 வந்தது.
ஒன்று இருந்தது. எட்டு இருந்தது.
நடுவில் இருந்த மூன்றை
வழியில் எங்கோ இறக்கிவிட்டிருந்தார்கள்.

இப்போது அவன் கவுண்டரில்.
வேலை இல்லாத பின்னேரங்களில்
வலக்கண்ணை மூடி விளையாட்டுக் காட்டுவான்:
முகத்தைப் பார்த்தால் எனக்குத் தலை இல்லையாம்,
தோளைப் பார்த்தால் தலை திரும்பி வருமாம்.
நான் சிரிப்பேன். ஒருதரம் சிரிக்கவில்லை.

பச்சை அதற்குப் பிறகு வந்தது.
இருபத்தெட்டாயிரம்.
நானா விலையை மூன்று முறை கேட்டார்,
மூன்றாம் முறை லக்சிறி இருந்த பக்கம் பார்க்காமல்.
பத்து லட்சம் வந்தால் ஒன்றைத்தான் உள்ளே விடுமாம்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் கதவுக்கு
அப்படி ஒன்று போடலாம்.

நேற்று ஓர் ஆட்டோக்காரர், வியர்வையோடு.
கையில் சின்ன ஸ்டீல் வளையம்.
மகளுக்கு. பெயர் வேண்டாம்,
ஓ நெகட்டிவ் என்று போட்டு
கீழே தன் போன் நம்பர்.
'எழுதக்குள்ள நான் பாக்க ஏலுமா தங்கச்சி?
போன கடையில நம்பர் பிழைச்சிட்டு.'

பேப்பரில் எழுதித் தந்தார். திரையில் காட்டினேன்.
தலையாட்டினார். ஆனாலும் நின்றார்.

லக்சிறி எழுந்து படியிறங்கினான்.
சின்னது ஓடும்போதெல்லாம் அப்படித்தான்,
கேட்டால் தேத்தண்ணி என்பான்.

பச்சையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன்.
காதோரம் இறுக்கினேன்.
'எல்லாம் பாசித் தண்ணிக்குள்ள மாதிரி' என்றார்.
பெடலில் கால் வைத்து, திரும்பி
சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
சுவரில் மினுங்குகிற எதுவும் இல்லை என்பதை
முதலே பார்த்துவைத்திருந்தேன்: ஓர் ஆணி,
போன வருஷக் கலண்டர் விட்டுப்போன சதுரம்.
கண்ணையும் மூடிக்கொண்டேன், எதற்கும்.

கொசு போல ஒரு சத்தம்.
அதற்குள் எண்கள் தெரியும் எனக்கு.
ஒன்று சட்டென்று முடியும்.
எட்டு சுற்றிச் சுற்றி வரும்.
சைபருக்கு ஒரே மூச்சு.
முதுகுக்குப் பின்னால் அவர்
ஒவ்வொன்றாய் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்,
பிழை பிடிக்கிற வாத்தியார் குரலில்.
கடைசி எண்ணுக்கு மட்டும் குரல் வரவில்லை.

பார்த்தேன். சரியாக இருந்தது.
வளையத்தை ஊதினார், சூடு இல்லாவிட்டாலும்.

கண்ணாடி திரும்பி வந்தபோது
மூக்குப் பாலத்தில் ஈரம்.
துடைக்க நேரமில்லை, போட்டுக்கொண்டேன்.
அடுத்தது ஒரு கிண்ணம்.
நல்ல பளபளப்பு.
வயிறு என் பக்கம் பார்த்திருந்தது.
திருப்பி வைத்தேன்.